வால் அறுந்த எலி!

கம்பி இல்லாத கீபோர்டும் மவுசும் ஒரு அம்மாளைப் படுத்திய பாடு

"...சர்வே எண் 12-ல் 3-ம் உட்பிரிவு, புஞ்சை 1 ஏக்கர் 20 சென்ட்..."

பத்திரம் எழுதுகிறவர் உரக்கப் படித்துக்கொண்டே போனார்.

"நிறுத்துங்க!" என்று ஒரு குரல் கேட்டது. நிலம் வாங்க வந்த பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

"12 இல்லீங்க, 112. 12-ம் நம்பர் கோவில் நிலமுங்க!" என்றார் அவர்.

எல்லோரும் திடுக்கிட்டார்கள். ஒரே ஒரு "1" விழவில்லை. அதனால் ஒருவருடைய நிலத்துக்குப் பதில் கோவில் நிலம் விலை போக இருந்தது!

நல்ல வேளையாக அது வெறும் நகல்தான். முத்திரைத்தாளில் ஏறவில்லை. ஏறி, பதிவும் ஆகியிருந்தால் பிழை திருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்று எழுத வேண்டும். விற்றவர் மறுபடியும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவரோ கோயம்புத்தூரில் இருந்து பஸ் ஏறி வந்தவர்.

பத்திரம் எழுதுகிறவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நகலை அடித்துக் கொடுத்த அம்மாளைப் பார்த்தார்.

"என்னம்மா இது? இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. கண்ணைக் கொஞ்சம் காட்டிவிட்டு வாயேன்" என்றார்.

அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

முதல் சம்பளத்தில் வந்த பெட்டி

அந்த அம்மாளுக்கு வயது 52. ஊரின் பெயர் வேண்டாம். பத்திரப் பதிவு ஆபீஸ் இருக்கிற சிறிய ஊர் என்றால் போதும். கம்பெனியின் பெயரும் வேண்டாம்.

தமிழ் டைப்ரைட்டிங்கில் "ஹையர்" பாஸ் செய்தவர். கணவர் இல்லை. டைப் அடித்தே பையனைப் படிக்க வைத்தார். முதலில் இரும்பு டைப்ரைட்டர். பிறகு கம்ப்யூட்டர். பத்திரம், குத்தகைச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் என்று எது வந்தாலும் அடிப்பார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.

பையனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்ததும் அம்மாவுக்கு ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே கம்பி இல்லாத கீபோர்டு ஒன்று, மவுஸ் ஒன்று. விலை 1,700 ரூபாய். கூடவே, அடித்த பத்திரங்களை எல்லாம் பத்திரமாக வைக்க ஒரு ஹார்டு டிஸ்க்.

"மேஜை முழுக்க ஒயராகக் கிடக்குதே அம்மா. இனிமேல் மடியில் வைத்துக்கூட அடிக்கலாம். தோள் வலிக்காது" என்று போனில் சொன்னான்.

தாய்க்கு வேறு என்ன வேண்டும்? பழைய கீபோர்டு பரண் மேல் ஏறியது. புதியதற்கு ஒரு துணி உறைகூடத் தைத்துப் போட்டார்.

மவுஸ் என்றால் எலி. அந்தப் பெயர் வந்த விதம் வேடிக்கையானது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் டக்ளஸ் எங்கல்பர்ட் என்ற நிபுணர் இருந்தார். அவருடைய யோசனைப்படி, அவருடன் வேலை செய்த பில் இங்கிலிஷ் 1964-ல் முதல் மவுசைச் செய்தார். மரக்கட்டையைக் குடைந்து, அடியில் இரண்டு சக்கரம் வைத்த பெட்டி அது. கம்பி வால் போல நீண்டு கிடந்தது. பார்த்தவர்களுக்கு எலி ஞாபகம் வந்தது. பெயர் நிலைத்துவிட்டது. 1968 டிசம்பர் 9-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் எங்கல்பர்ட் அதைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். உலகமே இன்று அந்த எலியைக் கையில் பிடித்திருக்கிறது. ஆனால் காப்புரிமைப் பணம் என்று அவருக்கு ஒன்றும் வரவில்லை!

அந்த எலியின் வாலைத்தான் இப்போது அறுத்துவிட்டார்கள். வாலோடு வேறு ஒன்றும் போயிற்று. அது என்ன என்பது அந்த அம்மாளுக்கு மெள்ளத்தான் தெரிந்தது.

கால் போன எழுத்து

முதல் நாள் பிரமாதமாக இருந்தது. இரண்டாம் நாள் ஹார்டு டிஸ்க்கையும் மாட்டினார். மூன்றாம் நாள் "பாகம்" என்று அடித்தார். "பகம்" என்று விழுந்தது. கால் எழுத்தைக் காணோம்! இன்னொரு சமயம் புள்ளியைக் காணோம். சில நேரம் "க" என்று ஒரு தட்டு தட்டினால் "ககககக" என்று வரிசையாக ஓடியது.

வார்த்தையில் பிழை வந்தால் கண்ணுக்குத் தெரியும். எண்ணில் வந்தால்? 112 என்பதும் எண்தான். 12 என்பதும் எண்தான். பிழை என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

30 வருடமாகப் பார்க்காமலே அடித்த கை. அந்தக் கை மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரி கூடத்தில் உட்கார்ந்து, வெறும் பலகையில் விரலைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கண் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தார். கண்ணில் குறை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

பையனிடம் சொல்லலாம். எப்படிச் சொல்வது? "கீபோர்டு எப்படி அம்மா இருக்கு?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிறான்.

"ரொம்ப நல்லா இருக்குடா" என்று சொல்லிவிடுவார்.

மூன்று கடிதம், ஒரே வாசகம்

பெட்டியின் மேல் ஒரு போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டார். இயந்திரக் குரல் பேசியது. இங்கிலீசுக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு. தமிழ் இல்லை. ஒன்றை அழுத்தினார். பாட்டு வந்தது. 20 நிமிடம் பாட்டு. பிறகு லைன் "கட்" ஆகிவிட்டது.

மறுநாளும் பாட்டுதான்.

பத்திரம் எழுதுகிறவரின் மகள் காலேஜில் படிக்கிறாள். அவளை விட்டு இங்கிலீசில் ஒரு மெயில் எழுதச் சொன்னார். இரண்டு நாளில் பதில் வந்தது. "பேட்டரியைக் கழற்றி மாட்டவும். ரிசீவரை வேறு துளையில் செருகவும். கம்ப்யூட்டரை அணைத்துப் போடவும்" என்று இருந்தது.

எல்லாவற்றையும் செய்தார். கம்ப்யூட்டரின் பின்புறம் நான்கு துளை. ஹார்டு டிஸ்க் ஒன்றில் இருந்தது. ரிசீவரை எடுத்து, அதற்கு அடுத்த துளையில் செருகினார். குறை தீரவில்லை என்று எழுதினார்.

பதில் வந்தது. கையெழுத்துப் போட்டிருந்த பெயர் வேறு. வாசகம் அதே வாசகம்: "பேட்டரியைக் கழற்றி மாட்டவும்..."

மறுபடி எழுதினார். மூன்றாவது பெயர். அதே வாசகம்!

அதற்குள் கடைக்குத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. இனி கம்பெனியோடுதான் பேச வேண்டுமாம்.

நாலாவதாக ஒரு மெயில் வந்தது. "உங்கள் குறை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?" என்று கேட்டிருந்தார்கள். காலேஜ் பெண் படித்துச் சொன்னாள். அந்த அம்மாளுக்கு அழுகைக்குப் பதில் சிரிப்பு வந்தது.

இந்தச் சமயத்தில்தான் கோவில் நிலம் விலை போக இருந்தது.

தம்பி கேட்ட கேள்வி

தெருக்கோடியில் ஒரு சிறு கடை. செல்போன் பழுது பார்க்கிற கடை. அதை நடத்துகிற பையனுக்கு 23 வயது இருக்கலாம். அந்த அம்மாளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

வந்து பார்த்தான். பேட்டரியைத் தொடவே இல்லை. குனிந்து இரும்பு மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, ரிசீவருக்குப் பக்கத்தில் என்ன சொருகி இருக்கீங்க?"

"பையன் வாங்கிக் கொடுத்த டிஸ்க்."

"அதைக் கொஞ்சம் பிடுங்குங்க. இப்ப அடிச்சுப் பாருங்க."

அடித்தார். "பாகம்" என்று விழுந்தது. 112 என்று விழுந்தது. ஒரு பக்கம் முழுவதும் அடித்தார். ஒரு கால் குறையவில்லை. ஒரு புள்ளி குறையவில்லை.

இது என்ன மாயம்?

மாயம் ஒன்றும் இல்லை. கம்பி இல்லாத கீபோர்டு ஒரு குட்டி ரேடியோ நிலையம். விசையைத் தட்டினால், எந்த விசை என்ற செய்தியை ரேடியோ அலையாக அனுப்புகிறது. கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் சுண்டுவிரல் நுனி அளவு ரிசீவர் அதை வாங்கிக்கொள்கிறது. விசையை விட்டதும் "விட்டாயிற்று" என்று இன்னொரு செய்தி போகிறது. முதல் செய்தி வழியில் தொலைந்தால் எழுத்து விழாது. இரண்டாவது தொலைந்தால், இன்னும் அழுத்திக்கொண்டு இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைக்கும். அதனால்தான் "ககககக"!

இந்த அலை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வரிசையைச் சேர்ந்தது. லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம். அதனால் அங்கே சந்தைக்கடைக் கூட்டம். வீட்டு வை-பை அங்கே. புளூடூத் அங்கே. மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசையில்தான் சூடு கிளப்புகிறது.

போதாததற்கு, வேகமான புது ரக யு.எஸ்.பி. 3.0 சாதனம் ஒன்று. அந்த அம்மாளின் ஹார்டு டிஸ்க் அந்த ரகம்தான். இந்தச் சாதனங்கள் வேலை செய்யும்போது இதே வரிசையில் இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் கம்பெனியே 2012-ல் இதைச் சோதித்து அறிக்கையாக வெளியிட்டது. ரிசீவர் பக்கத்திலேயே இருந்தால், கச்சேரி மேடையில் நின்று ரகசியம் பேசின கதைதான். பேசுவது கேட்காது.

அந்த அம்மாள் வீட்டில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இரும்பு மேஜை. இரும்புத் தகடு ரேடியோ அலையை மறித்துவிடும்.

தம்பி கடைக்குப் போய் ஒரு முழ நீளமுள்ள யு.எஸ்.பி. ஒயர் கொண்டுவந்தான். ஒரு முனையைக் கம்ப்யூட்டரில் செருகினான். மறுமுனையில் ரிசீவரை மாட்டி மேஜை மேல் வைத்தான். டிஸ்க்கை மறுபடி மாட்டினான். எழுத்து ஒழுங்காக விழுந்தது. நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

"பக்கத்தில் என்ன செருகி இருக்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வி! மூன்று பெயரில் மூன்று கடிதம் போட்ட கம்பெனிக்கு அது தோன்றவில்லை. கம்பெனிக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் பதில் எழுத உட்கார்ந்திருப்பவர் கையில் இருப்பது ஒரு தாள். அதில் இருப்பதைத்தான் அவர் எழுதுவார்.

அலை தொலைந்துபோவது மட்டும் அல்ல. வேறு வீட்டுக்கும் போய்விடும்! நார்வே நாட்டில் ஸ்தவங்கர் என்ற நகரம். 2002-ல் அங்கே ஒருவர் தன் வீட்டில் கம்பி இல்லாத கீபோர்டில் தட்டினார். சுமார் 150 மீட்டர் தள்ளி வேறு ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுத்துகள் தானாக விழுந்தன. பேய் வேலை என்று யாராவது நினைத்திருந்தாலும் தவறில்லை! அது பழைய ரகம். இப்போது வரும் சாதனங்கள் தன் ஜோடி ரிசீவரோடு மட்டும் பேசும்படி செய்யப்பட்டவை.

எலியின் முறை

கீபோர்டு திருந்தியது. ஐந்தாவது மாதம் மவுஸ் கிளம்பியது.

ஒரு தட்டு தட்டினால் இரண்டு தட்டாக விழுந்தது. பத்திரத்தைத் தேர்ந்தெடுக்கத் தட்டினால், அது திறந்துகொண்டது. ஒரு வரியில் வைக்கப் போனால், ஒரு வார்த்தை முழுவதும் கறுத்து நின்றது. அடுத்த எழுத்தைத் தட்டியதும் அந்த வார்த்தை அழிந்தே போயிற்று!

தம்பியைக் கூப்பிட்டார். இந்தத் தடவை அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"இது அலை சமாச்சாரம் இல்லைக்கா. உள்ளே இருக்கிற சுவிட்சு போயிருச்சு" என்றான்.

மவுசின் பொத்தானுக்கு அடியில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கிறது. அழுத்தினால் வளைந்து தொடும். தகடு தளர்ந்துவிட்டால், தொட்ட வேகத்தில் துள்ளும். துள்ளி மறுபடி தொடும். கம்ப்யூட்டர் அதை இரண்டு தட்டு என்று எண்ணிவிடும். இது உண்மையான பழுது. கம்பெனி மாற்றித்தர வேண்டிய பழுது. கெடுவும் இருந்தது. பெட்டியில் ஒரு வருடம் என்று போட்டிருந்தார்கள்.

மறுபடி மெயில். "வீடியோ எடுத்து அனுப்பவும்" என்றார்கள். அனுப்பினார். "தெளிவாக இல்லை" என்றார்கள். மறுபடி அனுப்பினார். "பில் நகல் அனுப்பவும்" என்றார்கள். அனுப்பினார். "பில்லில் வேறு பெயர் இருக்கிறது. வாங்கியவர்தான் எழுத வேண்டும்" என்று பதில் வந்தது.

வாங்கியவன் பையன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அவன் வழக்கம்போலக் கேட்டான். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

"அஞ்சு மாசமா ஏம்மா சொல்லலை?" என்றான் அவன்.

"உன் முதல் சம்பளம்டா" என்றார். மேலே பேச முடியவில்லை.

1915

பையன் எழுதினான். கம்பெனி இப்போது வேறு பாட்டு பாடியது. "இது வீட்டு உபயோகத்துக்கு விற்ற சரக்கு. உங்கள் அம்மா தொழிலுக்குப் பயன்படுத்தி இருக்கிறார். ஆகவே மாற்றித்தர இயலாது."

இங்கேதான் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கஷ்டமான சட்டம் இல்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 என்று பெயர். 2020 ஜூலை 20-ந் தேதி அமலுக்கு வந்தது. வியாபாரத்துக்காக வாங்குகிறவர் நுகர்வோர் அல்ல என்று அது சொல்வது வாஸ்தவம். ஆனால் உடனே ஒரு விலக்கும் கொடுக்கிறது. சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே ஒரு பொருளைப் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான். தையல் மெஷின் வாங்கித் துணி தைத்துப் பிழைக்கிற பெண்ணும், டைப் அடித்துப் பிழைக்கிற அம்மாளும் அந்தக் கணக்கில் வருவார்கள்.

பில்லில் யார் பெயர் என்பதற்கும் அதே சட்டத்தில் பதில் உண்டு. வாங்கியவருடைய சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே! மகன் வாங்கி அம்மாவுக்குக் கொடுத்தால், அம்மாவுக்கும் கேட்கும் உரிமை இருக்கிறது.

இணையத்தில் விற்கும் கடைகளுக்கு 2020-ல் தனி விதிகளும் வந்தன. குறை கேட்க ஓர் அதிகாரியை அவர்கள் நியமிக்க வேண்டும். புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் "கிடைத்தது" என்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இந்த உரிமைப் பேச்சு அண்மையில் முளைத்தது அல்ல. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1962 மார்ச் 15-ந் தேதி நுகர்வோரின் உரிமைகள் பற்றி அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்கு ஒரு செய்தி அனுப்பினார். அவர் சொன்ன நான்கு உரிமைகளில் ஒன்று, நுகர்வோர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது. 20 நிமிடம் பாட்டுப் போடுவது அதில் சேராது!

பையன் 1915 என்ற எண்ணைக் கூப்பிட்டான். அது மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அது கோர்ட்டு அல்ல. தீர்ப்புச் சொல்லாது. புகாரை வாங்கிக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்கும். பில், மூன்று கடிதம், வீடியோ, "குறை தீர்க்கப்பட்டது" என்று வந்த மெயில் எல்லாவற்றையும் அம்மா பத்திரமாக வைத்திருந்தார். பத்திரம் அடிக்கிறவர் அல்லவா! தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைத்திருந்தார்.

அங்கேயும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருள் வாங்கிய இடத்துக்கோ, கம்பெனி இருக்கிற ஊருக்கோ போக வேண்டியது இல்லை. தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. குறை ஏற்பட்ட நாளில் இருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

1,700 ரூபாய்க்கு இவ்வளவா என்று கேட்கலாம். கம்பெனிகளின் கணக்கும் அதுதான். 1,700 ரூபாய்க்கு யார் அலைவார்கள் என்ற தைரியத்தில்தான் அந்தப் பாட்டு ஓடுகிறது.

தமிழில் ஒரு குரல்

மூன்றாவது வாரம் அந்த அம்மாளின் போன் அடித்தது.

"வணக்கம்மா, கம்பெனியில் இருந்து பேசுகிறோம்" என்றது ஒரு பெண் குரல். தமிழ்! அந்த அம்மாள் ஒரு நிமிடம் திகைத்துவிட்டார். புது செட் அனுப்புவதாக அந்தப் பெண் சொன்னாள். பழையதை ஆளே வந்து வாங்கிக்கொள்வாராம். செலவு இல்லையாம்.

பேசின பெண் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. "நீ சாப்பிட்டாயாம்மா? நாள் பூரா இப்படி ஏச்சு வாங்கணுமே" என்று கேட்டார். மறுமுனையில் அந்தப் பெண் சிரித்துவிட்டாளாம்.

நான்காம் நாள் புதுப் பெட்டி வந்தது. அதே கீபோர்டு, அதே மவுஸ்.

அதற்குள் பரண் மேல் இருந்த பழைய கீபோர்டு கீழே இறங்கியிருந்தது. சர்வே எண்ணும் ரூபாய்க் கணக்கும் இப்போது அதில்தான். கம்பி வழியாகப் போகிற எழுத்து எங்கும் தொலைவதில்லை. மற்ற வேலைக்குப் புது செட். ஞாயிற்றுக்கிழமை பையன் வீடியோவில் பேசும்போது, அவன் கண்ணில் படும்படி அதையே முன்னால் வைத்துக்கொள்கிறார்.

பெரியவரின் நிலம் 112 என்றே பதிவாகிவிட்டது. பத்திரம் எழுதுகிறவர் கண்ணைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

புதுப் பெட்டியில் மடித்து வைத்த ஒரு விளக்கத் தாள் இருந்தது. அந்த அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு, காலேஜ் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படிக்கச் சொன்னார். பேட்டரியை எப்படிப் போடுவது என்று பத்து மொழியில் படம் போட்டிருந்தது. ரிசீவருக்குப் பக்கத்தில் எதைச் செருகக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை.

ஒரு சிவப்பு மை பேனாவை எடுத்து, தாளின் ஓரத்தில் அதை எழுதினார். பிறகு மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்.